சி. பி. முத்தம்மா: தூதராக நினைவுகூர்வதா, வழக்குத் தொடுத்தவராகவா?

கோப்புக்காரர்:
முத்தம்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும், தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதையும் பெண் அதிகாரிகளுக்கு எதிரான பணிவிதிகளையும் எதிர்த்து அவர் தொடுத்த 1979ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற வழக்கைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர், பாரிஸ், ரங்கூன், லண்டன் தூதரகங்களில் பணியாற்றி, பிறகு ஹங்கேரி, கானா, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் தூதராக இருந்து, 1982இல் ஓய்வுபெற்றார். மாஸ்கோவும் வாஷிங்டனும் அவருக்குக் கிடைக்கவில்லை. பெண் என்பதுதான் காரணம் என்றால், விஜயலட்சுமி பண்டிட்டை 1947இலேயே மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பியது எப்படி?

பவானிக்கரை:
பண்டிட் தேர்வெழுதிப் பணிக்கு வந்தவர் அல்லர்; அரசியலிலிருந்து நேரடியாக நியமிக்கப்பட்டவர். மூன்று பெண்களுக்குத் தாயான அவருக்குக் குடும்பம் தடையாகும் என்று அரசு கருதவில்லை. தேர்வில் வென்று வந்த முத்தம்மாவிடமோ, திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலை கொடுத்தார்கள். அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஒரு தாளை விட்டுவிட்டு அவருடைய பணிவாழ்வை எப்படி எடைபோடுவது, ஐயா?

கோப்புக்காரர்:
தாள் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவருடைய மனு தள்ளுபடியானது என்பதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? அவர் எதிர்த்த விதிகளில் ஒன்று அதற்குள் நீக்கப்பட்டிருந்தது, மற்றொன்றும் நீங்கவிருக்கிறது என்று அரசே நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது. தானாக விழவிருந்த சுவரை இவர் இடித்ததாகக் கொண்டாடுகிறோம்.

பவானிக்கரை:
தள்ளுபடிக்குக் காரணம், முன்பு தகுதி போதாது என்று ஒதுக்கப்பட்டவருக்கு, வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள் என்பதுதான். சில மாதங்களில் அந்தத் தகுதி எங்கிருந்து முளைத்தது? பெண் அதிகாரி மணம் செய்துகொள்ள அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும், குடும்பக் கடமை வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்றது வெளியுறவுப் பணி நடத்தை விதிகளின் 8(2)ஆம் விதி. அப்படிப்பட்ட இடையூறு ஆணுக்கும் வரலாமே என்று கேட்டார் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். இடையில் முத்தம்மாவைத் தாண்டிப் போன இளையவர்களைக் கருத்தில்கொண்டு, பணிமூப்பை மறுபரிசீலனை செய்யும்படியும் தீர்ப்பில் சொல்லியிருக்கிறார். சுவர் தானாக விழுவதாக இருந்தால், சுதந்திரத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஏன் நின்றது?

மாநிலக்கல்லூரிக்காரன்:
குடகில் பிறந்தாலும் சென்னையில், மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் எங்கள் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர் என்பதால் எனக்குச் சற்று ஓரவஞ்சனை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். இருவரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். சுவீடனின் பிரதமராக இருந்த ஓலோஃப் பால்மே தலைமையில் 1980களின் தொடக்கத்தில் கூடிய ஆயுதக்குறைப்பு ஆணையத்தில் இந்தியாவிலிருந்து உறுப்பினராக இருந்தவர் முத்தம்மா. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சைரஸ் வான்ஸும் சோவியத்தின் அமெரிக்க விவகார வல்லுநர் அர்பாதோவும் உட்கார்ந்திருந்த மேசை அது. வாஷிங்டனையும் மாஸ்கோவையும் அவருக்குக் கொடுக்கவில்லை என்றீர்களே, அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு எதிரே வந்து அமர்ந்தார்கள்.

கோப்புக்காரர்:
பால்மே ஆணையத்தை ஒப்புக்கொள்கிறேன். முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஆயினும் என் கேள்வி நிற்கிறது. புடாபெஸ்டிலும் அக்ராவிலும் ஹேக்கிலும் அவர் அன்றாடம் பார்த்த வேலையைப் பற்றி யாராவது எழுதுங்கள். வழக்கை எனக்கு மறுபடி விளக்க வேண்டாம்.