பேட்டரிக் கடை இருந்த காணியைச் சுத்தம் செய்ய அரச உதவி கிடைக்குமா?

உறவுகளே, வணக்கம். ஹட்டன் பக்கம் எங்கள் டவுனில் பல வருடம் பேட்டரிக் கடையும் கராஜும் இருந்த சின்னக் காணியை, முன்பள்ளி கட்டச் சொல்லி உரிமையாளர் எங்கள் சங்கத்துக்குத் தந்திருக்கிறார். பெரிய மனசு. ஆனால் மண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினாலே கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு, இடையிடையே பேட்டரித் தகட்டுத் துண்டுகள். மழை பெய்தால் எல்லாம் கீழே லயத்து வீட்டுக்காரர் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம்தான் இறங்கும். பேட்டரித் தகட்டில் இருக்கும் ஈயம் மக்கிப் போகாது. மண்ணில் விளையாடும் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மேலே கொங்கிரீட் போட்டால் சரி என்கிறார்கள் சிலர். பரிசோதிக்காமல் அதற்கு எனக்குச் சம்மதமில்லை.

அமெரிக்காவில் 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படியான காணிகளைப் பரிசோதிக்கவும் துப்புரவாக்கவும் அரசு மானியம் தருகிறது. நம் இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் எங்களைப் போன்ற சங்கம் எப்படி உதவி கேட்பது? மண்ணில் ஈயம் பார்க்கும் பரிசோதனையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வெளியாட்களுக்கும் செய்து தருவார்களா? அப்புறம், தோண்டி எடுக்கும் மண்ணை எங்கே ஒப்படைப்பது? பிரதேச சபையிலோ சுகாதாரத் துறையிலோ வேலை செய்பவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை வேலையைத் தொடங்க மாட்டோம்.