தாத்தா கட்டின நாப்பது துணி

குழு: தாத்தா வீடு
31 டிசம்பர் 2025, புதன்

[மாலை 6:12] பெரியப்பா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ராத்திரி 11க்கு ஆராதனை. அதுக்கு முன்னால வழக்கம்போல ஆளுக்கொரு நன்றி இதுல போடணும். அப்பா இருந்தா அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிருப்பாவ. இந்த வருஷம் நான் ஆரம்பிக்கேன். வீட்டு ஓடு மாத்தியாச்சு, ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டு ஒழுகல. தேவனுக்கு மகிமை.

[6:20] அத்தை நாகர்கோவில்: முட்டுவலி கொறஞ்சிருக்கு. கைப்பிடி பிடிக்காம மாடி ஏறுதேன். ஆமென் 🙏

[6:31] ஜெபா அண்ணன்: வேலை போகல. எங்க டீம்ல பாதிப் பேருக்குப் போச்சு.

[6:31] மதினி: வண்டி லோன் முடிஞ்சதையும் சொல்லுங்க

[6:32] ஜெபா அண்ணன்: அதையும் சேத்துக்கோங்க 😄

[6:40] சாம்: ஆச்சி சொல்லுதாவ, நான் டைப் பண்ணுதேன். "அறுபத்தோரு வருஷம் கூட வச்சிருந்தார். அதுக்கு நன்றி. கூட்டிட்டுப் போனதுக்கு நன்றி சொல்லச் சொல்லாதீங்க."

[6:58] பெரியப்பா: 🙏

[7:15] அம்மா: எஸ்தர் மட்டும் இன்னும் போடல. நீல டிக் விழுந்துட்டு. பாத்துட்டு இருக்கா.

[7:16] நான்: லாபுல இருக்கேம்மா

[7:16] அம்மா: 31ந்தேதி ராத்திரி என்ன லாபு?

[7:17] நான்: செடிக்கு 31ந்தேதி தெரியாது

[7:19] அத்தை நாகர்கோவில்: ஏட்டி இது எத்தனாவது வருஷம்?

[7:20] நான்: அஞ்சு. பிஎச்டில ஆறு வரைக்கும் இருக்கலாம் அத்தை. பொம்பளைப் பிள்ளைகளுக்கு ரெண்டு வருஷம் கூட உண்டு.

[7:21] அத்தை நாகர்கோவில்: எட்டா! அதுக்குள்ள நட்ட பனையே காய்ச்சிரும்

[7:21] நான்: காய்க்காது. பன்னெண்டு பதினஞ்சு வருஷம் ஆகும். பூக்குற வரைக்கும் ஆணா பெண்ணான்னே தெரியாது. அதுதான் என் தீசிஸே 😭

[8:44] நான்: சரி சொல்லுதேன். திட்டக்கூடாது.

டிசம்பர்ல சப்மிட்டுன்னு ஜனவரில எழுதி சுவர்ல ஒட்டினேன். இன்னைக்கு அதைக் கிழிச்சு, பின்பக்கத்துல பிசிஆர் (டிஎன்ஏ சோதனை) கணக்கு போட்டிருக்கேன். மூணாவது சேப்டர் ஆகஸ்ட்ல இருந்து கைடு மேசையில கெடக்கு. ஸ்டைபண்டு மாசம் 42,000ன்னு பேரு. ஏழு மாசம் வரல, மெஸ் பில்லுக்கு அப்பாட்ட வாங்கினேன். பெறகு ஒரே நாள்ல மொத்தமா வந்து விழுந்துச்சு. அன்னைக்கு ஜெபமெல்லாம் பண்ணல. பேங்க் ஆப்பை மூணு தடவ மூடித் தொறந்து பாத்தேன், அவ்வளவுதான்.

ஜூன்ல தாத்தா. போனை லாக்கர்ல வச்சுட்டு ஜெல் ஓட்டிட்டிருந்தேன். வெளிய வந்தா 19 மிஸ்டு கால். அன்னைக்குப் பாத்து ஜெல்லுல டிஎன்ஏ பேண்ட் அவ்வளவு சுத்தமா விழுந்திருந்துச்சு, நாலு வருஷத்துல அப்படி விழுந்ததே இல்ல. அந்தப் படத்தை இன்னும் சேப்டர்ல சேக்கல. சேக்கணும். டேட்டா நல்ல டேட்டா.

சாட்சின்னா எந்திரிச்சு நின்னு, கஷ்டம் வந்துச்சு, ஜெபிச்சேன், மாறிச்சுன்னு சொல்லணும். எனக்கு அந்த மூணாவது இன்னும் வரல. லாபுல ரிசல்ட் வரலன்னா "தெரியவில்லை"ன்னு நோட்டுல எழுதி, தேதி போட்டு, அடுத்த வேலையப் பாப்போம். அசிங்கமே இல்ல. கோயில்ல மைக் முன்னால யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. ஞாயித்துக்கிழமை தவறாம போறேன், பெரியப்பா கவலப்பட வேண்டாம். பாதி நாள் ஜெபம் வரமாட்டேங்குது. பாட்டு மட்டும் பாடுதேன், கொயர்ல ஆல்டோ குரலுக்கு இங்க ஆள் இல்ல.

[8:52] மதினி: ❤️

[9:03] பெரியப்பா: வாசிச்சேன் மக்ளே. ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். 2023 வெள்ளத்தை மறந்துட்டியா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. ஏரல்ல உன் பாத்தி மேல ஆறே ஓடிச்சு. மண்ணெல்லாம் போயும் உன் பனங்கண்ணு 86 தப்பிச்சுதே. அது சாட்சி இல்லையா?

[9:05] நான்: 300 ஊணினேன் பெரியப்பா. 214 போச்சு

[9:05] நான்: அந்த 86 தப்பிச்சதுக்குக் காரணம் உண்டு. பனை முளை மேல வாரதுக்கு முன்னால குழல் மாதிரி மண்ணுக்குள்ள எறங்கிரும், கிழங்கு அடியில பிடிக்கும். முந்தி ஊணினதெல்லாம் எறங்கிட்டு. பிந்தி ஊணினது ஆத்தோட போச்சு. பிந்தி ஊணினது என் சோம்பேறித்தனம், டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் இருந்துச்சு.

[9:09] பெரியப்பா: அப்படி எறங்கும்படி வச்சது யாரு?

[9:10] நான்: அது வேற கேள்வி

[9:10] ஜெபா அண்ணன்: அப்பா ஆரம்பிச்சாச்சு. நான் சாப்பிட்டு வாரேன்

[9:14] பெரியப்பா: சங்கீதம் 92:12 எடுத்து வாசி. நீதிமான் பனையைப்போல் செழிப்பான். உன் பாடமே வேதத்துல இருக்கு.

[9:16] நான்: அது நம்ம பனை இல்ல பெரியப்பா, பேரீச்சை. எபிரெயத்துல தாமார். மொழிபெயர்த்தவங்க பனைன்னு போட்டுட்டாங்க.

[9:17] பெரியப்பா: இத்தனை வருஷமா பனைன்னுதான் பிரசங்கம் பண்ணிட்டிருக்கேன்

[9:18] நான்: நல்ல பிரசங்கம்தான். மரம் மட்டும் மாறிட்டு 🙂

[9:21] நான்: ஆனா உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு சொல்லட்டா? இஸ்ரேல்ல மசாதா கோட்டையைத் தோண்டினப்ப ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துப் பேரீச்சங்கொட்டை கெடச்சுது. 2005ல ஒண்ணை முளைக்க வச்சாங்க. பேரு மெத்தூசலா, வேதத்துல ரொம்பக் காலம் வாழ்ந்தவர் பேருதான். 2011ல பூத்த பெறகுதான் ஆண் மரம்னு தெரிஞ்சுது. பேரீச்சையிலயும் ஆண் வேற பெண் வேற, நம்ம பனை மாதிரியே.

[9:22] ஜெபா அண்ணன்: மெத்தூசலா உன் தீசிஸுக்கு வைக்க வேண்டிய பேரு

[9:22] நான்: சாப்பிடப் போன ஆளு சாப்பிடுங்க

[9:25] பெரியப்பா: இது தெரிஞ்சிருந்தா ஈஸ்டருக்கே சொல்லியிருப்பேனே. நாளைக்குப் பிரசங்கத்துல சேக்கலாமா?

[9:26] நான்: சேத்துக்கோங்க. வருஷம் மட்டும் மாத்திராதீங்க

[9:33] சாம்: அக்கா தாத்தா வடலில (சின்னப் பனையில) துணி கட்டினாவளே, அது தீசிஸ்ல வருதா?

[9:40] நான்: வரலடா. கைடு எடுத்துரச் சொல்லிட்டாங்க. நியாயம்தான். 2022 மே மாசம் தாத்தாவும் நானும் தெக்கு விளையில நாப்பது வடலி பாத்தோம். ஒண்ணுகூட பாளை விட்டதில்ல. தாத்தா மட்டைக் கருக்கைத் தடவுவாவ, சுத்தி வருவாவ, பெறகு சொல்லுவாவ. பெண் மரம், அதான் பருவப்பனைக்கு அவங்க பழைய வெள்ளை வேட்டிக் கிழிசல். ஆண் மரம், அலகுப்பனைக்கு ஆச்சியோட செவப்புச் சேலை. எப்படித் தெரியுதுன்னு கேட்டா "தெரியுது"ம்பாவ. இத எந்த முறைன்னு எழுத? ஒவ்வொண்ணும் பூத்தாத்தான் சரியா தப்பான்னு சொல்ல முடியும். சும்மா கண்ண மூடிட்டுச் சொன்னாலே பாதி சரியா வரும்.

[9:41] சாம்: நுங்கு வருதான்னு பாக்கணும்லா

[9:41] நான்: ஆமா. பதநீ ரெண்டுலயும் எறக்கலாம், நுங்கு பருவப்பனையில மட்டுந்தான்.

[9:52] அப்பா: 37 இருக்கு.

[9:52] நான்: என்னப்பா?

[9:55] அப்பா: இன்னைக்குச் சாயங்காலம் போயிருந்தேன். மூணு மரத்தை ரோட்டுக்கு ஜேசிபி வச்சுத் தள்ளிட்டான். துணியெல்லாம் இத்துப் போச்சு. போன மாசமே பெயிண்ட் எடுத்துட்டுப் போய் நம்பர் எழுதிட்டேன். வெள்ளைக்கு வெள்ளை, செவப்புக்குச் செவப்பு.

[9:56] அம்மா: இதுக்குத்தான் கேட்டுக்கு வாங்கின பெயிண்ட் கொறஞ்சுதா!!

[9:58] நான்: அப்பா

[9:58] நான்: நீங்க ஏன் என்கிட்ட சொல்லல

[10:01] அப்பா: நீ லாபுல இருந்த.

[10:03] அப்பா: ஒரு மரத்துல பாளை எட்டிப் பாக்குது. நம்பர் 17. வெள்ளை போட்டது.

[10:03] சாம்: பருவமா??

[10:04] அப்பா: அலகு. தொறட்டி வச்சு மட்டையை ஒதுக்கி நல்லா பாத்தேன்.

[10:05] ஜெபா அண்ணன்: தாத்தா அவுட் 😬

[10:07] சாம்: ஆச்சிகிட்ட சொன்னேன். "அந்த வருஷம் அவருக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்திருந்துச்சு, பாவம்"ங்கிறாவ.

[10:08] நான்: இருங்க நோட்டு எடுக்கேன், ரூம்ல இருக்கு

[10:19] நான்: 😂😂😂

[10:19] நான்: என் கையெழுத்துல இருக்கு, அப்படியே போடுதேன். "எண் 17. தாத்தா: அலகு. ஆச்சி (கஞ்சி கொண்டு வந்தபோது): பருவம். சண்டை. தாத்தா விட்டுக்கொடுத்தார். வெள்ளை."

[10:20] ஜெபா அண்ணன்: ஐயோ

[10:20] மதினி: ஆச்சி 😂

[10:23] சாம்: ஆச்சி ஒண்ணும் சொல்லல. சிரிக்காவ. கண்ணு தொடைக்காவ. திரும்ப சிரிக்காவ.

[10:26] பெரியப்பா: அப்போ அப்பா சொன்னது சரி!

[10:27] நான்: ஒரு மரத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது பெரியப்பா. இன்னும் 36 இருக்கு.

[10:28] நான்: தேதி போட்டு எழுதிக்கிட்டேன்

[10:31] அப்பா: நீ அங்கேயே இரு. மரத்தை நான் பாத்துக்குதேன்.

[10:34] பெரியப்பா: முதல் மணி அடிச்சாச்சு. எல்லாரும் கெளம்புங்க. ஆச்சிக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோ சாம். எஸ்தர், நீ போடலன்னா பரவால்ல, நன்றி வரிசையில உன் பேருக்கு நேரா நான் "17"ன்னு எழுதிக்கிடுதேன்.

[10:35] நான்: பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க

[10:36] பெரியப்பா: போட்டுட்டேன்.

[10:38] அம்மா: சாப்பிட்டியா?