சளி கல்ச்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ.: சி.ஓ.பி.டி. இருக்கும் அப்பாவுக்கு ஊசி போட்டே ஆகணுமா?

சோமனூர்க்காரன்:
வணக்கமுங்க. அப்பாவுக்கு 66 வயசு. ஸ்பின்னிங் மில்லில் ப்ளோ ரூமில் இருந்தவர். பஞ்சுத் தூசியும் பீடியுமாச் சேர்ந்து சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கிப்போற நாள்பட்ட நுரையீரல் நோய்) ஆகிப் பல வருசமாச்சு. இன்ஹேலர், மூச்சுக்கு டெரிஃபிலின் (தியோஃபிலின் இருக்கிற மாத்திரை), பி.பி.க்கு ராமிப்ரில் எடுத்துக்கிறார். இப்ப சளி கல்ச்சரில் 'ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், செஃபாக்சிடின் ரெசிஸ்டன்ட்'னு வந்திருக்குதுங்க. அதாவது வழக்கமான ஆன்டிபயாடிக் கேக்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியாமுங்க. காய்ச்சல் இல்லை, மூச்சு எப்பவும் போலத்தான், சளி வெள்ளையாத்தான் வருது. மெடிக்கல்ல ஆக்மென்டின் தர்றேங்கறாங்க. இன்னொருத்தர் அட்மிட் பண்ணி வேன்கோமைசின் ஊசி போடச் சொல்றார். எதைக் கேக்கறது?

ஈரோடு மைக்ரோபயாலஜி:
கிருமிப் பேரை விடுங்க, முதல்ல ரிப்போர்ட்டில் கிராம் ஸ்டெயின் (சளிக்குச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது) வரியைப் பாருங்க. லோ பவர் ஃபீல்டுக்குச் சீழ் செல் 25-க்கு மேல, எபிதீலியல் செல் (வாயின் உள்தோல் செல்) 10-க்குக் கீழ இருந்தாத்தான் அது நெஞ்சிலிருந்து வந்த சளி. எபிதீலியல் செல் நெறைய இருந்தா அது எச்சில். மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் அதில் வளர்ந்திருக்கும்.

செஃபாக்சிடின் ரெசிஸ்டன்ட்னா, கிருமிகிட்ட மருந்தை எதிர்க்கிற மெக்-ஏ ஜீன் இருக்குதுனு எடுத்துக்கலாம். அந்த ஜீன் செய்யிற புரதத்தில் பென்சிலின் வகை மருந்து ஒட்டாது, செல் சுவர் கட்டுற வேலை நிக்காம நடக்கும். அதனால ஆக்மென்டின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்சோன், மெரோபெனெம் எதுவும் கேக்காது. செஃப்டாரோலின் மாதிரி ஒண்ணு ரெண்டு மருந்து மட்டும் விதிவிலக்கு. வேன்கோமைசினை டிஸ்க் வெச்சுப் பார்த்திருந்தா நம்பாதீங்க, எம்.ஐ.சி. எண் (கிருமி வளர்றதைத் தடுக்கத் தேவையான குறைஞ்சபட்ச மருந்தளவு) கேளுங்க. 2 அல்லது அதுக்குக் கீழ இருந்தா மருந்து கேக்கும். கிளிண்டாமைசினுக்கு 'எஸ்' (மருந்து கேக்கும்) போட்டிருந்தாலும், மறைஞ்சிருக்கிற எதிர்ப்பைக் காட்டுற டி-டெஸ்ட் பண்ணியிருக்காங்களானு பாருங்க.

மறுபடி கொடுக்கிறதா இருந்தா காலையில வெறும் தண்ணியில் வாய் கொப்பளிச்சிட்டு, ஆழமா இருமி எடுங்க. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எடுக்கணும். 2 மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போகணும். சோமனூர்ல எடுத்து வெயில்ல பஸ்சுல கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தா, மத்த கிருமி பெருகி ரிப்போர்ட்டே மாறிடும். ஐஸ் பெட்டியில் அனுப்புங்க.

நெஞ்சக மருத்துவம், கோவை:
மூச்சுத் திணறல் கூடியிருக்கா, சளி அளவு கூடியிருக்கா, நிறம் மஞ்சள் பச்சையா மாறியிருக்கா? நீங்க சொல்றபடி மூணுமே இல்லை. அப்படின்னா இது கிருமி தங்கியிருக்கிற நிலைதான். ரிப்போர்ட்டுக்காக மருந்து வேண்டாமுங்க. கொடுத்தா கிருமி முழுசாப் போகாது, அடுத்த மருந்துக்கும் எதிர்ப்பு வரும், கிட்னியும் கெடலாம். ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்து வெச்சிருங்க.

காய்ச்சலோட எக்ஸ்ரேல புது நிழல் வந்தா கதையே வேற. அப்ப ஆஸ்பத்திரியில் சேர்த்து வேன்கோமைசின் ஊசியோ, லினசோலிட் 600 மி.கி. ரெண்டு வேளையோ கொடுப்போம். டாப்டோமைசின் நுரையீரலுக்கு உதவாது, அங்கே காத்துப் பைக்குள்ள பூசினாப்புல இருக்கிற சர்ஃபாக்டன்ட் அதை முடக்கிடும். லினசோலிட் விசயத்தில் நான் கண்டிப்பாச் சொல்வேன்: அது டி.பி.க்கும் மருந்து. பார்க்காம ஆரம்பிச்சா உள்ளே இருக்கிற டி.பி. மறைஞ்சிடும். அதனால முதல்ல சளியில் டி.பி. கிருமியைத் தேடுற சிபிநாட் டெஸ்ட் பண்ணுங்க, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். லினசோலிட் ரெண்டு வாரத்துக்கு மேல போனா பிளேட்லெட் இறங்கலாம், வாரம் ஒருக்கா ரத்தம் பார்க்கணும்.

அப்பாவுக்குன்னு ரெண்டு எச்சரிக்கை. கோ-ட்ரைமாக்சசோல்ங்கிற ஆன்டிபயாடிக் ராமிப்ரிலோட சேர்ந்தா பொட்டாசியம் ஏறும். சிப்ரோஃப்ளாக்சசின் டெரிஃபிலினோட சேர்ந்தா தியோஃபிலின் ஏறிப் படபடப்பு, வாந்தி, வலிப்பு வரைக்கும் போகும். அதனால மெடிக்கல்ல கேட்டு நீங்களா வாங்காதீங்க.

ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழ போனாலோ, தூக்கக் கலக்கமா உளறினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

சோமனூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க. வீட்டுல 2 வயசுக் குழந்தை இருக்குது. தாத்தாகிட்ட விடலாமுங்களா? நெபுலைசரும் பொதுவாத்தான் இருக்குது.

நர்சிங்_பெருந்துறை:
தாராளமா விடுங்க, தாத்தா கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவினாப் போதும். குழந்தைக்குப் புண்ணோ சிரங்கோ இருந்தா மூடி வைங்க. துண்டு, ரேசர் தனித்தனியா இருக்கட்டும். சளியை மூடி போட்ட டப்பாவில் துப்பச் சொல்லுங்க.

நெபுலைசர் மாஸ்க்கும் கப்பும் குழந்தைக்குத் தனியா வாங்கிடுங்க. ஒவ்வொரு தடவையும் மிச்ச மருந்தைக் கொட்டி, கப்பைக் கழட்டிச் சோப்புத் தண்ணியில் கழுவி, கொதிச்சு ஆறின தண்ணியில் அலசி, சுத்தமான துணி மேல காயவிடுங்க. ஈரத்தோட மூடி வெச்சா உள்ளேயே கிருமி வளரும். டியூபைக் கழுவ வேண்டாம். ஸ்டீராய்டு இன்ஹேலர் அடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும், முழுங்கக் கூடாது.

மூக்குக்கு மியூபிரோசின் களிம்பு போடச் சொல்லி யாராவது சொன்னா, அது மூக்கிலிருக்கிறதை மட்டுந்தான் குறைக்கும், நெஞ்சுக்குப் போகாது. டாக்டர் எழுதினா மட்டும் போடுங்க.