டெக்சாஸில் இன்-ஸ்டேட் ட்யூஷன்: எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்குக் கிடைக்குமா?

கேள்வி: காவிரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகள் நியூ ஜெர்சியில் வசித்த நாங்கள், என் நிறுவனம் என்னை டாலஸ் பகுதிக்கு இடமாற்றியதால் சென்ற ஆண்டு டெக்சாஸுக்கு வந்துவிட்டோம். 2025 ஆகஸ்ட் 11 அன்று பிளேனோ அலுவலகத்தில் வேலையைத் தொடங்கினேன். மூன்று வாரங்கள் ஹோட்டலில் தங்கிவிட்டு, செப்டம்பர் 1 முதல் எங்கள் இருவர் பெயரிலும் லீஸ் போட்டு வாடகை வீட்டில் குடியேறினோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பை இங்கே படிக்கிறாள். நான் எச்-1பி (வேலை விசா), மனைவியும் மகளும் எச்-4 (அதைச் சார்ந்த குடும்ப விசா). க்ரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகி வரிசையில் காத்திருக்கிறோம்.

2026 இலையுதிர்ப் பருவத்தில் அவள் இம்மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் சேர விரும்புகிறாள். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாநிலத்தவருக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 11,000 முதல் 14,000 டாலர். வெளிமாநிலத்தவருக்கு அது 40,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் ஒரு லட்சம் டாலருக்கும் மேல். எங்கள் குடும்பத்தால் அது இயலாது.

கோயிலில் சந்தித்த நண்பர் ஒருவர், க்ரீன் கார்டு இல்லாமல் இன்-ஸ்டேட், அதாவது மாநிலத்தவருக்கான கட்டணம், கிடைக்காது என்றும், டெக்சாஸ் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்றும், 2025 ஜூனில் வந்த நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே போய்விட்டது என்றும் சொன்னார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. இதில் எது உண்மை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பிளேனோ அம்மா

வணக்கம் ஐயா. நண்பர் சொன்னதில் பாதி வேறொரு பிரிவினருக்கு உரியது, மீதி தவறு. என் மூத்த மகன் எச்-4 விசாவில் இருந்துகொண்டே இன்-ஸ்டேட் கட்டணத்தில் இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறான் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன்.

டெக்சாஸ் கல்விச் சட்டத்தில் இதற்கு வெவ்வேறு வழிகள் உண்டு. டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளியில் தேர்ச்சி பெற்று, அதற்கு முந்தைய 36 மாதங்கள் இம்மாநிலத்தில் வசித்த மாணவர்களுக்கானது ஒரு வழி. உங்கள் நண்பர் சொன்ன மூன்று ஆண்டுக் கணக்கு இதுதான், இது உங்கள் மகளுக்குப் பொருந்தாது. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு இன்னொரு வழி உண்டு: தாயோ தந்தையோ, மாணவர் சேரும் பருவத்தின் சென்சஸ் டேட்டுக்கு (மாணவர் கணக்கெடுக்கும் நாளுக்கு) ஓராண்டு முன்பே டெக்சாஸில் டொமிசைல், அதாவது நிலையான வசிப்பிடம், ஏற்படுத்தி, அந்த ஓராண்டும் அதை விடாமல் தொடர்ந்திருக்க வேண்டும். மகள் எத்தனை ஆண்டுகள் இங்கே பள்ளிக்குப் போனாள் என்ற கேள்வியே இதில் எழாது.

டொமிசைல் ஏற்படுத்த க்ரீன் கார்டு தேவையில்லை. எச்-1பி, எச்-4, எல்-1 (நிறுவன இடமாற்ற விசா), எல்-2 (அதன் குடும்ப விசா) ஆகியவற்றில் இருப்பவர்கள் டெக்சாஸில் டொமிசைல் ஏற்படுத்தலாம். எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்) விசாக்களில் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2025 ஜூன் 4 அன்று வந்த உத்தரவு, நாட்டில் சட்டப்படி தங்கும் உரிமை இல்லாத மாணவர்களுக்கு 2001 முதல் டெக்சாஸ் அளித்து வந்த சலுகையை நிறுத்தியது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் செல்லுபடியாகும் எச்-4 வைத்திருக்கும் உங்கள் மகள் அந்தப் பிரிவில் வரமாட்டாள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது விசாவைப் பற்றியல்ல, தேதியைப் பற்றி. வகுப்புகள் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தொடங்கும். அதிலிருந்து பன்னிரண்டாவது வகுப்பு நாள்தான் சென்சஸ் டேட். அது பெரும்பாலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் விழும். அங்கிருந்து ஓராண்டு பின்னே போனால் உங்கள் வேலைத் தேதி நன்றாகவே உள்ளே வருகிறது, லீஸ் தேதியோ ஒரு வார இடைவெளியில்தான் உள்ளே வருகிறது. எனவே ஆவணங்களில் சிறு குழப்பம்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: பதிவாளர் மேசை

டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் ரெசிடென்சி (மாநில வசிப்பு நிலை) கோப்புகளைப் பார்க்கும் பணியில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். அம்மா சொன்னது சரி. கோப்பு எங்கள் மேசைக்கு வந்ததும் நாங்கள் எதைத் தேடுவோம் என்று சொல்கிறேன்.

டெக்சாஸில் வந்து தங்கியிருந்தால் மட்டும் டொமிசைல் ஆகிவிடாது. இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணத்தைச் செயலால் காட்ட வேண்டும். பெற்றோரின் ஊதியம் தரும் வேலை, சொந்த வீடு, சொந்தமாக நடத்தும் தொழில் ஆகியவற்றில் ஒன்று 12 மாதங்கள் இருந்தால் அது வலுவான அடித்தளம். உங்களுக்கு வேலை இருக்கிறது. ஆகவே, நீங்கள் இன்ன தேதியிலிருந்து டெக்சாஸ் அலுவலகத்தில் பணிபுரிகிறீர்கள் என்று நிறுவனத்தின் கடிதத் தாளில், கையெழுத்துடன், தேதி குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். லீஸ், மின்கட்டண ரசீதுகள், ட்ரைவர் லைசென்ஸ், வாகனப் பதிவு எல்லாம் அந்தக் கடிதத்துக்குத் துணை நிற்பவை. புதிதாகக் குடிவந்தவர்கள் 90 நாட்களுக்குள் லைசென்ஸும் 30 நாட்களுக்குள் வாகனப் பதிவும் மாற்ற வேண்டும் என்பது இம்மாநில விதி என்பதால், அவற்றைத் தாமதமாக மாற்றியிருந்தால் அந்தத் தேதி கண்ணில் படும்.

விண்ணப்பத்தில் வரும் ரெசிடென்சிக் கேள்விகளைத்தான் பலர் அவசரத்தில் தவறாக நிரப்புகிறார்கள். வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளை, தன் விவரங்களைத் தனியாள் பகுதியில் எழுதி, பெற்றோரின் வேலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறது. அப்படி வரும் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் வெளிமாநிலத்தவர் என்றுதான் குறிப்பார். உங்கள் மகள் நிரப்பும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சார்ந்தவள் என்ற பகுதியைத்தான் நிரப்புகிறாளா என்று பாருங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் திருத்தப் படிவம் கொடுக்கலாம். அது அந்தப் பருவத்தின் சென்சஸ் டேட்டுக்குள் ஆவணங்களோடு போய்ச்சேர வேண்டும்.

காவிரிக்கரையான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு என் பே ஸ்டப்களை (சம்பளச் சீட்டுகளை) எடுத்துப் பார்த்தேன், கை நடுங்கிவிட்டது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒவ்வொன்றிலும் நியூ ஜெர்சி மாநில வரி பிடித்தம் செய்யப்பட்டிருக்கிறது. முகவரிப் பகுதியிலும் எங்கள் பழைய வீட்டின் கதவு எண் அப்படியே இருக்கிறது. சம்பளப் பிரிவுக்கு நான் மூன்று முறை எழுதியும் டிசம்பரில்தான் மாற்றினார்கள். டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது என்பதால், இதைப் பார்ப்பவர் நான் டிசம்பரில்தான் இங்கு வந்தேன் என்று முடிவு செய்துவிடுவாரா?

பதில்: பதிவாளர் மேசை

பே ஸ்டப்பை மட்டும் தனியாகக் கொடுத்தால் அப்படி எண்ண இடமுண்டு. ஆனால் இதைச் சரிசெய்ய முடியும், நேரமும் இருக்கிறது.

உங்கள் எச்-1பி, வேலையிடம் வேறு நகரப் பகுதிக்கு மாறியதால் திருத்த மனுவோடு வந்திருக்கும். அதற்கான தொழிலாளர் நிபந்தனை விண்ணப்பத்தில், அதாவது எல்சிஏவில், பிளேனோ முகவரியும் தொடக்கத் தேதியும் அச்சாகியிருக்கும். நிறுவனத்துக்கு உள்ளேயே நடந்த பிழையைவிட, அரசிடம் தாக்கல் செய்த அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். அடுத்து, டபிள்யூ-2 படிவத்தில் (ஆண்டு ஊதிய, வரிப்பிடித்தச் சான்று) நியூ ஜெர்சி ஊதியம் ஆண்டு முழுவதற்கும் காட்டப்பட்டிருந்தால், திருத்திய டபிள்யூ-2சி கேளுங்கள். நியூ ஜெர்சிக்கு ஆண்டின் ஒரு பகுதி மட்டும் வசித்தவராகக் கணக்குத் தாக்கல் செய்து, மாநிலத்தை விட்டு வெளியேறிய தேதியை அதில் எழுதி, அதிகமாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறுங்கள். பணம் திரும்பி வருவதோடு, நீங்கள் அம்மாநிலத்தை விட்டு நீங்கிய தேதிக்கு அதுவே சான்றாகவும் நிற்கும். இவற்றோடு, பிழை எப்படி நேர்ந்தது என்று சம்பளப் பிரிவு எழுதித் தரும் ஒரு வரி விளக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சம்பளப் பிரிவுக்கு நீங்கள் எழுதிய அந்த மூன்று மின்னஞ்சல்களை அழித்துவிட வேண்டாம்.

பதில்: வைகை மைந்தன்

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மகளுக்கு 21 வயது எப்போது நிறைகிறது? அன்றோடு எச்-4 முடிந்துவிடும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவாய்ப்பு வழி க்ரீன் கார்டு வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்வதால், நம் பிள்ளைகளில் பலர் கல்லூரி நடுவிலேயே எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கிறது. என் தங்கை மகளுக்கு இது மூன்றாம் ஆண்டில் நேர்ந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்ததால் பிறந்த நாளுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பித்தோம்.

விசா மாறும்போது கட்டண நிலை எப்படித் தீர்மானிக்கப்படும் என்பதைச் சேரும் முன்பே ரெஜிஸ்ட்ராரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னதை மூன்று ஆண்டுகள் கழித்து வேறொருவர் ஏற்கமாட்டார்.

எச்-4 மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது என்பதால், கல்வி உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். டெக்சாஸ் சட்டப்படி, பல்கலைக்கழகம் போட்டி அடிப்படையில் வழங்கும் உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 டாலராவது இருந்தால், வெளிமாநில மாணவரும் மாநிலக் கட்டணமே செலுத்த இயலும். இதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, எல்லாப் பல்கலைக்கழகங்களும் தாராளமாகத் தருவதுமில்லை. ஆனாலும் ரெசிடென்சியில் சிக்கல் வந்தால் கைகொடுக்கக்கூடிய இரண்டாவது கதவு இது.

காவிரிக்கரையான்

மகளுக்கு 2029 ஏப்ரலில் 21 நிறைகிறது. மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில். இன்றே குறித்து வைத்துக்கொண்டேன்.

எல்சிஏ நகலில் பிளேனோ முகவரியும் ஆகஸ்ட் 11 என்ற தேதியும் தெளிவாக இருக்கின்றன. டபிள்யூ-2சி கேட்டுச் சம்பளப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். மகள் விண்ணப்பத்தைத் திறந்து காட்டினாள்; பதிவாளர் மேசை ஐயா எச்சரித்தபடியே, தனியாள் பகுதியைத்தான் நிரப்பியிருந்தாள். திருத்தப் படிவத்தை இந்த வார இறுதியில் இருவரும் சேர்ந்து நிரப்பி அனுப்புகிறோம். பல்கலைக்கழகத்தின் பதில் வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.