ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்னு வந்துடுச்சா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

அம்பத்தூரிலிருந்து:
அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் வலிக்கு லேபில் 'ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்' எடுத்தோம். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரத்த டெஸ்டான ஆர்.ஏ. ஃபேக்டர் 28, அந்த லேபில் 20 வரைதான் நார்மல். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 36. இரண்டும் தடித்த எழுத்தில் இருந்தன. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டதும் பெரிய அத்தை சரவாங்கி (முடக்குவாதம்) என்று முடிவே கட்டிவிட்டார்.

ருமட்டாலஜி (மூட்டு நோய்) டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். காலையில் எழுந்ததும் கை எவ்வளவு நேரம் மடங்காமல் இருக்கிறது என்று கேட்டார். "பத்து நிமிஷம் இருக்கும், காபி போடுறதுக்குள்ள சரியாயிடும்" என்றார் அம்மா. வீக்கம் எங்கேயும் இல்லை. வயதானவர்களுக்கு நோய் இல்லாமலே ஆர்.ஏ. ஃபேக்டர் கொஞ்சம் கூடியிருக்கலாமாம். ஈ.எஸ்.ஆர். வயதோடு ஏறும், ரத்தச்சோகை இருந்தாலும் ஏறும். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி இரண்டால் வகுத்தால் உத்தேச உச்ச அளவு வரும் என்றார், அம்மாவுக்கு 37. முடக்குவாதத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும் ஆன்டி சி.சி.பி. டெஸ்டும் எடுத்தோம், நெகட்டிவ். எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம். இப்போது பிசியோதெரபி போகிறார்.

பெரம்பூரிலிருந்து:
அக்கா, எனக்கு அப்படியே தலைகீழ். வயது 34, ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். ஆனால் இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சட்டை பட்டன்கூடப் போட முடியாது. ஆன்டி சி.சி.பி. மட்டும் எக்கச்சக்கமாக வந்தது. முடக்குவாதம் உள்ளவர்களிலேயே கணிசமானவர்களுக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாகத்தான் இருக்குமாம்.

டாக்டர் 2010இல் வந்த மதிப்பெண் முறையைச் சொன்னார். மூட்டு வீங்கியவர்களுக்குத்தான் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். 10க்கு 6 வந்தால் முடக்குவாதம். ஆர்.ஏ. ஃபேக்டர், சி.சி.பி. சேர்த்து அதிகபட்சம் 3, ஈ.எஸ்.ஆர்., அதைப் போலவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரண்டுக்கும் சேர்த்து 1. ஆக ரத்தம் முழுக்க 4தான். மீதி, எத்தனை மூட்டு, ஆறு வாரம் தாண்டியதா என்பதிலிருந்து வர வேண்டும். இதைக் கேட்ட பிறகு லேப் பேப்பரைப் பார்த்துப் பயப்படுவதே போய்விட்டது. இப்போது முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். வாரம் ஒரே நாள்தான், தினமும் போட்டால் ஆபத்து. கல்லீரல் டெஸ்டும் ரத்த அணுக்கள் டெஸ்டும் அவ்வப்போது எடுக்கச் சொல்கிறார்கள்.

சைதாப்பேட்டையிலிருந்து:
அந்தப் புரொஃபைலில் ஏ.எஸ்.ஓ. என்று ஒன்று இருக்கும், கவனித்தீர்களா? தம்பிக்கு அது கூடியிருக்கிறது என்று ஒரு கிளினிக்கில் பென்சிலின் ஊசியே ஆரம்பித்துவிட்டார்கள். சமீபத்தில் ஒரு வகைத் தொண்டைத் தொற்று வந்து போனதற்கான தடயம் அது, முடக்குவாதத்துக்கான டெஸ்டே இல்லை என்று பிறகு பார்த்த ஸ்பெஷலிஸ்ட் சொன்னார். அவனுக்கு வந்தது சிக்குன்குனியாவுக்கு அப்புறமான மூட்டு வலி. சில மாதத்தில் தணிந்துவிட்டது.

சென்ட்ரல் பக்கத்து ஜி.எச்.சிலும் ருமட்டாலஜி பிரிவு இருக்கிறது. போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளோடு, சாப்பிடும் வலி மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். வீக்கம் இருக்கும் நாளில் கையை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓ.பி.க்குப் போகிற அன்று பார்த்து வீக்கம் வடிந்திருக்கும்.