மேடிசன் ஆற்றில் ஜூலை இறுதி: எந்தப் பூச்சி, எந்த நேரம்?

அனைவருக்கும் வணக்கம். ஜூலை கடைசி வாரத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றில், க்வேக் ஏரிக்கும் என்னிஸ் ஊருக்கும் இடைப்பட்ட பகுதியில், நான்கு நாட்கள் ஃப்ளை ஃபிஷிங் முறையில் (தூண்டில் முள்ளில் கட்டிய போலிப் பூச்சியைக் காட்டி) டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கத் திட்டமிட்டுள்ளேன். ஜூன் இறுதியில் நம் ஊர் ஈசலைப் போலக் கூட்டமாக வெளிவரத் தொடங்கும் சால்மன்ஃப்ளை என்னும் பெரிய ஆற்றுப்பூச்சி அதற்குள் ஓய்ந்துவிடும் என்பதால், காலையில் மேஃப்ளை, அந்தி சாயும்போது கேடிஸ் என்னும் நீர்ப்பூச்சிகள், வெயில் ஏறிய பின் கரைப்புல்லிலிருந்து நீரில் விழும் வெட்டுக்கிளி ஆகியவற்றின் போலிகளையே நம்பியிருக்கிறேன்.

என் கவலை நீரின் வெப்பம்தான். 20 டிகிரி செல்சியசைத் தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறைந்து, பிடித்து விடுவிக்கும் மீன்கூடப் பிழைப்பது கடினமாகிறது. தொடர்ந்து மூன்று நாட்கள் சுமார் 23 டிகிரியை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்க மாநில அரசு தடை விதிக்கலாம். அப்படியானால் நான் பெரிதும் விரும்பும் அந்தி நேரக் கேடிஸ் கைவிட்டுப் போகும். (விடியலில் எழுவது எனக்கு இயல்பாக வருவதில்லை.)

கோடையில் அங்கு சென்றவர்கள், விடியற்காலையில் எந்தப் போலிப் பூச்சி, எந்த அளவுத் தூண்டில் முள் பலன் தந்தது என்றும், நீர் குளிர்ந்திருக்கும் மாற்று ஆறு அருகில் உண்டா என்றும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அருகிலுள்ள ஃபயர்ஹோல் ஆறு வெந்நீர் ஊற்றுகளால் கோடையில் மேலும் சூடேறிவிடும் என்பதால் அதை ஏற்கெனவே விலக்கிவிட்டேன்.