கேம் அப்டேட் ஆனதுல இருந்து பழைய சேவ் திறக்கல, சப்போர்ட் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி அனுப்புது

கோட்டையூர் கேமர்:
ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வாங்கின கேம். அப்டேட் ஓடும்போது கரண்ட் போயி, வந்ததும் மிச்சம் இறங்குச்சு. இப்ப மெனு வருது. பழைய சேவ் ஃபைலை (விட்ட இடத்துல இருந்து தொடர வச்ச பதிவு) திறந்தா லோடிங் பாதியில டெஸ்க்டாப்புக்கு வந்துருது. புது கேம் ஆரம்பிச்சா ஓடுது. ரெண்டு மோட் (கேமை மாத்த வெளியாளுங்க செஞ்ச கூடுதல் ஃபைல்) போட்டிருக்கேன். எஸ்எஸ்டில 11 ஜிபிதான் காலி. சப்போர்ட்ல கேட்டா "டிரைவர் அப்டேட் பண்ணுங்க, ரீ-இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு மட்டும் வருது. காசு கொடுத்தவனுக்கு இவ்வளவுதான் பதிலா? ரீ-இன்ஸ்டால் பண்ணலாமா அண்ணே?

செக்காலை பிசி:
வேண்டாம் தம்பி. சில கேம் சேவ் ஃபைலை இன்ஸ்டால் ஃபோல்டருக்குள்ளயே வைக்கும், அழிச்சா அதோட போயிரும். முதல்ல கேம் ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்டீம் கிளவுடை (சேவை நெட்ல காப்பி வைக்கிற வசதி) ஆஃப் பண்ணுங்க. இல்லைன்னா கெட்டுப்போன சேவ் கிளவுடுக்கு ஏறி, அங்க இருக்கிற நல்ல காப்பியை அழிச்சிரும். அப்புறம் சேவ் ஃபோல்டரை பென்டிரைவ்ல காப்பி எடுங்க. டாக்குமென்ட்ஸ்லயோ ஆப்டேட்டாவுலயோ இருக்கும்.

அடுத்து ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் போயி வெரிஃபை கொடுங்க, கேம் ஃபைல் சரியா இருக்கான்னு பார்க்கும். கரண்ட் போனதுல ஃபைல் கெட்டிருந்தா அதை மட்டும் திரும்ப இறக்கும். 11 ஜிபி காலிங்கிறது இந்தக் கோளாறுக்குக் காரணம் இல்லை, இடம் பத்தலைன்னா ஸ்டீமே சொல்லி நிறுத்திரும். ஆனா பெரிய ஒற்றை ஃபைல்ல சின்ன மாற்றம்னாலும் ஸ்டீம் அதை முழுசாத் திரும்ப எழுதும், அதனால இடம் விட்டு வைக்கிறது நல்லது.

தேவகோட்டை மோடர்:
புது கேம் ஓடுதுன்னா எனக்கு ஃபைல் மேல சந்தேகம் குறைவு, மோட் மேலதான். வெரிஃபை கேமோட சொந்த ஃபைலை மட்டும் பார்க்கும், நீங்க கூடுதலாப் போட்ட மோட் ஃபைலைத் தொடாது. மோடை முழுசா வெளிய எடுத்துட்டு, சேவ் காப்பியில திறந்து பாருங்க. மோட் சேர்த்த பொருள் சேவுக்குள்ள இருந்தா மோட் இல்லாமலும் திறக்காது. அப்ப மோடோட புது வெர்ஷன் வரணும்.

மோட் காரணம் இல்லைன்னா, பழைய சேவைப் புது வடிவத்துக்கு மாத்துறதுல டெவலப்பர் கோட்டை விட்டிருக்காங்க. ப்ராப்பர்ட்டீஸ்ல பீட்டாஸ்ங்கிற (வேற வெர்ஷன் தேர்ந்தெடுக்கிற) பக்கத்துல பழைய வெர்ஷன் விட்டிருக்காங்களான்னு பாருங்க. புது வெர்ஷன்ல ஒரு தடவை சேவ் பண்ணினது பெரும்பாலும் பழசுல திறக்காது, அதுக்கும் முதல்ல எடுத்த அந்தக் காப்பிதான் உதவும். டெவலப்பர் தப்பால சேவ் போறது புதுசு இல்லை: சைபர்பங்க் 2077 கேம்ல, 2020 டிசம்பர்ல, சேவ் 8 எம்பி தாண்டினா கெட்டுச்சு. 1.06 அப்டேட் வரம்பை எடுத்தது, ஆனா ஏற்கெனவே கெட்ட சேவை மீட்டுத் தரல.

கானாடுகாத்தான்:
சப்போர்ட்டுக்கு இப்படி எழுதுங்க: பில்ட் நம்பர் (கேமோட வெர்ஷன் எண்), மோட் இல்லாமலும் வருதுங்கிற உறுதி, எந்த இடத்துல நிக்குதுங்கிறது. விண்டோஸ் கீ + ஆர் அமுக்கி டிஎக்ஸ்டயாக் (dxdiag)னு அடிச்சு, சேவ் ஆல் இன்ஃபர்மேஷன் கொடுங்க, கம்ப்யூட்டர் விவரம் ஒரு ஃபைலா வரும். அந்த ஃபைல், கிராஷ் டம்ப் (கேம் நின்னப்ப பதிவான ஃபைல்), திறக்காத சேவ் மூணையும் இணைங்க. அந்த சேவ் கையில இருந்தாத்தான் அவங்களால அதே கோளாறை வரவழைச்சுப் பார்க்க முடியும்.

ஸ்டீம்ல பணம் திரும்ப வேணும்னா வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருக்கணும். அதைத் தாண்டினாலும் கேட்கலாம், உத்தரவாதம் இல்லை. இந்தியாவோட 2020 மின்வணிக விதிப்படி, விற்கிற தளத்தோட குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், உங்களுக்கு சிவகங்கை நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபா வரைன்னா வழக்குக் கட்டணம் கிடையாது.